சபை மாறியவர் மீண்டும் ஞானஸ்நானம் பெற வேண்டுமா?

தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, பதின்ம வயதில் அந்த விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தலும் முடித்த ஒருவர், வேலைக்காகவோ திருமணத்தினாலோ வேறு ஊருக்குப் போய் அங்கே ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தால், சில மாதங்களுக்குள் அவரிடம் கேட்கப்படும் கேள்வி "முழுக்கு எடுத்தாச்சா?" என்பதுதான். எடுத்தால் பெற்றோர் தனக்குச் செய்ததைச் செல்லாததாக்கிவிடுவோமோ என்ற உறுத்தலும், எடுக்காவிட்டால் தேவனுடைய கட்டளையை மீறுகிறோமோ என்ற அச்சமும் அவரை ஒருசேரப் பிடித்துக்கொள்கின்றன. எதிர்த் திசையில் போகிறவர்களுக்கும் இதே கலக்கம் உண்டு. கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்படும் சி.எஸ்.ஐ. பெண்ணிடம் "திருமுழுக்கு (கத்தோலிக்கர் வழக்கில் ஞானஸ்நானம்) வாங்கித்தான் ஆக வேண்டும்" என்று உறவினர்கள் சொல்வதும், அது உண்மைதானா என்று பங்குத்தந்தையிடம் யாரும் கேட்காமலே விடுவதும் நம் ஊர்களில் புதிதல்ல.

முடிவெடுப்பதற்கு முன் தெளிவாக வேண்டியது ஒன்று. ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரு முறைதான் என்பதில் ஏறத்தாழ எல்லாக் கிறிஸ்தவ சபைகளும் ஒத்துப்போகின்றன. "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்" என்ற எபேசியர் நிருபத்தின் வரியை ஆயரும் பங்குத்தந்தையும் பாஸ்டரும் ஒன்றுபோலவே மேற்கோள் காட்டுகிறார்கள். முழுக்கு எடுக்கச் சொல்லும் பாஸ்டர் இரண்டாவது ஞானஸ்நானம் ஒன்றைத் தருவதாக நினைப்பதில்லை. குழந்தைப் பருவத்தில் நடந்தது ஞானஸ்நானமே அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. கூடாது என்று தடுக்கும் ஆயரோ, அன்று நடந்தது முழுமையான ஞானஸ்நானம் என்பதால்தான் தடுக்கிறார். ஆகவே, சபை மாறினால் திரும்பவும் எடுக்கலாமா என்று கேட்பதைவிட, எனக்கு முன்பு நடந்தது ஞானஸ்நானமா என்று கேட்பதே சரியான தொடக்கம். இதற்கு மனச்சாட்சியோடு விடை கண்டவருக்கு மற்றதெல்லாம் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். இதைத் தொடாமல், சபைக்காரர்களின் வற்புறுத்தலுக்காக மட்டும் தண்ணீரில் இறங்குவதையோ இறங்க மறுப்பதையோ முடிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வேதாகமத்தில் இந்தக் கேள்விக்கு மிக அருகில் வருவது அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரம். எபேசுவில் பவுல் சந்தித்த ஏறக்குறையப் பன்னிரண்டு சீஷர்கள் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டுமே பெற்றிருந்தார்கள். பரிசுத்த ஆவி உண்டென்பதைக்கூட அவர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. பவுல் விளக்கியபின் அவர்கள் கர்த்தராகிய இயேசுவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். சபை மாறியவர் மீண்டும் எடுக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பகுதியே பெரும்பாலும் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் அவர்கள் முன்பு பெற்றது கிறிஸ்துவுக்குள்ளான ஞானஸ்நானம் அல்ல. ஒரு கிறிஸ்தவ சபையிலிருந்து இன்னொன்றுக்கு அவர்கள் மாறியவர்களும் அல்லர். இதற்குச் சற்று முன்னே, 18ஆம் அதிகாரத்தின் கடைசியில் வரும் அப்பொல்லோவும் யோவானின் ஞானஸ்நானத்தை மாத்திரம் அறிந்தவர்தான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திருத்தமாய் விளக்கினார்கள் என்று மட்டுமே அங்கே வாசிக்கிறோம். அவர் மீண்டும் ஞானஸ்நானம் பெற்றதாக ஒரு சொல்லும் இல்லை. 8ஆம் அதிகாரத்தில் சமாரியாவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்மேல் ஆவியானவர் இன்னும் இறங்கவில்லை என்று கண்ட பேதுருவும் யோவானும் அவர்கள்மேல் கைகளை வைத்தார்களே தவிர, மறுபடி தண்ணீருக்கு அழைத்துப்போகவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிறகு தேவ வரத்தைப் பணத்தால் வாங்கப் பார்த்த மந்திரவாதி சீமோனையும் மனந்திரும்பி ஜெபிக்கச் சொன்னாரே ஒழிய, திரும்ப ஞானஸ்நானம் பெறும்படி பேதுரு சொல்லவில்லை. அனுபவத்தில் குறை இருந்தது, பின்னர் வழுவினேன், அப்போது உணர்வில்லாமல் எடுத்தேன் என்ற காரணங்களுக்காக மட்டும் ஞானஸ்நானத்தைத் திரும்ப எடுப்பதற்கு இந்தப் பகுதிகளில் எனக்கு ஆதாரம் தென்படவில்லை. குழந்தைகளுக்குக் கொடுத்தது ஞானஸ்நானம்தானா என்ற கேள்வியை இவை நேரடியாகத் தொடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சபைகளுக்கிடையே நகர்ந்தவர்களைப் பற்றிய முதல் பெரும் வழக்கு 3ஆம் நூற்றாண்டில் எழுந்தது. தேசியு பேரரசனின் உபத்திரவம் ஓய்ந்தபோது, அதில் மறுதலித்தவர்களைச் சபை திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற சண்டையில் 251இல் ரோமாபுரியில் நோவாசியன் என்ற மூப்பர் தனிச் சபை கண்டார். அவருடைய கூட்டத்தில் ஞானஸ்நானம் பெற்ற சிலர் பிறகு பொதுச் சபைக்குத் திரும்பி வந்தார்கள். சபைக்கு வெளியே ஆவியானவர் இல்லை, ஆவியில்லாதவர் எதைக் கொடுக்க முடியும் என்று கேட்ட, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், இவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தே சேர்க்க வேண்டும் என்றார். 256இல் கார்த்தேஜில் கூடிய 87 ஆயர்களும் அவர் பக்கமே நின்றார்கள். ரோமாபுரி ஆயர் ஸ்தேவான் இதை ஏற்கவில்லை. கைகளை வைத்துச் சேர்த்துக்கொண்டால் போதும், தண்ணீர் மீண்டும் வேண்டாம் என்பது அவர் மரபு. இருவரும் சமாதானம் ஆவதற்குள் 257இல் ஸ்தேவான் இறந்தார்; 258இல் சிப்ரியான் இரத்தசாட்சியாக மரித்தார். 314இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் ஸ்தேவானின் வழியைப் பின்பற்றி, பிரிந்த கூட்டத்திலிருந்து வருகிறவரிடம் விசுவாசப் பிரமாணத்தைக் கேட்க வேண்டும், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் கைகளை மட்டும் வைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 325இல் நிசேயாவில் கூடிய சங்கமும் நோவாசியன் கூட்டத்தாரைக் கைவைத்து ஏற்றது; இயேசுவின் தேவத்துவத்தை மறுத்த சமோசாத்தா பவுல் என்ற ஆயரைப் பின்பற்றியவர்களுக்கோ ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னது. பிரிந்து போனவர்களையும் தேவனைப் பற்றிய அடிப்படை விசுவாசத்திலேயே வேறுபட்டவர்களையும் அந்தச் சங்கம் ஒரே தட்டில் வைக்கவில்லை.

இதற்கு ஆழமான இறையியல் விளக்கம் கொடுத்தவர் ஹிப்போ ஆயர் அகுஸ்தீன். வட ஆப்பிரிக்காவில் தோனாத்து கூட்டத்தார், உபத்திரவ காலத்தில் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்களின் வழியில் வந்த ஞானஸ்நானம் கறைபட்டது என்று சொல்லி, தங்களிடம் வந்தவர்களுக்கு மீண்டும் கொடுத்தார்கள். பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று அகுஸ்தீன் பதில் சொன்னார். இன்றைக்கும் தேவைப்படும் பதில் இது. பழைய சபையின் குருவானவர் பண விஷயத்தில் நேர்மையற்றவர், சாதி பார்த்தவர், ஜெபமே இல்லாதவர், அவர் கைபட்ட ஞானஸ்நானம் எப்படிச் செல்லும் என்று கேட்கிறவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய காயம் உண்மையானது; ஆனால் அது மீண்டும் ஞானஸ்நானம் பெறுவதற்குக் காரணமாகாது. கொடுப்பவரின் பரிசுத்தத்தில் ஞானஸ்நானம் தொங்குமானால், புதிய பாஸ்டர் விழுந்துபோகும் நாளில் அவர் கொடுத்ததும் ஆட்டம் காணும்.

கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் இந்த வழியில்தான் நடக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 845ஆம் பிரிவு திருமுழுக்கைத் திரும்பக் கொடுக்க இடமளிப்பதில்லை. வேறு சபையில் பெற்றவருக்குத் தக்க காரணம் இல்லாமல், முன்பு பெறாதிருந்தால் மட்டும் இது செல்லும் என்ற நிபந்தனைத் திருமுழுக்குக்கூடக் கொடுக்கலாகாது என்கிறது 869ஆம் பிரிவு. தண்ணீர் ஊற்றப்பட்டதா அல்லது முழுக்கப்பட்டதா, தந்தை மகன் தூய ஆவியின் பெயர் சொல்லப்பட்டதா, திருச்சபை செய்வதைச் செய்யும் நோக்கம் இருந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். எனவே சி.எஸ்.ஐ., லூத்தரன், மெதடிஸ்ட் சபைகளிலிருந்து வருகிறவர் பொதுவாக விசுவாச அறிக்கை செய்து, உறுதிப்பூசுதல் (கத்தோலிக்கரின் திடப்படுத்தல்) பெற்றுச் சேர்க்கப்படுவார். திருமணத்துக்கு அதுவும் தேவையில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிற சபையினரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும், மதமாற்றம் வேண்டியதில்லை. மறுபுறம், திருமுழுக்கின்போது சொல்லும் வாசகத்தில் அவர்கள் காட்டும் கண்டிப்பும் கடுமையானது. மார்மன்களின் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001இல் வத்திக்கான் அறிவித்தது. 'நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்பதற்குப் பதிலாக 'நாங்கள் அளிக்கிறோம்' என்று சொன்னதும் செல்லாது என்று 2020இல் விளக்கம் வந்தபோது, அமெரிக்காவின் டெட்ராய்ட் மறைமாவட்டத்தில் குருவாகப் பணியாற்றிக்கொண்டிருந்த ஒருவர் தன் குழந்தைப் பருவ வீடியோவைப் பார்த்து, தனக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். அவர் திருமுழுக்கிலிருந்து குருத்துவம்வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற வேண்டியிருந்தது.

மறுபக்கத்தின் வரலாறு இரத்தத்தில் எழுதப்பட்டது. 1525 ஜனவரி 21 அன்று சூரிக் நகரில் ஒரு வீட்டில் கூடிய சிறு கூட்டத்தில் கான்ராட் கிரேபல், ஜார்ஜ் பிளாவ்ராக் என்ற முன்னாள் குருவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். விசுவாசித்து அறிக்கையிடுகிறவனுக்கே ஞானஸ்நானம், குழந்தைக்கு நடந்தது வெறும் சடங்கு என்பது அவர்கள் வேதத்தில் கண்ட முடிவு. இரண்டாண்டுகளுக்குள், 1527 ஜனவரி 5 அன்று, அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸைச் சூரிக் நகர ஆட்சி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. 1529இல் ஸ்பேயர் நகரில் கூடிய பேரரசின் மன்றம் மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனையே விதித்தது. உயிரைக் கொடுத்து இவர்கள் காத்த நம்பிக்கையை, சபை வளர்ப்பதற்காகக் கையாளும் தந்திரம் என்று நம் பழைய சபைகளில் சிலர் இன்று பேசுவது நியாயமில்லை.

சபை மாறுகிறவர் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு நான் அறிந்தவற்றில் சிறந்த முன்மாதிரி, இந்திய மண்ணில் நடந்த ஒன்று. குழந்தை ஞானஸ்நானத்தைக் கடைப்பிடிக்கும் காங்கிரகேஷனல் சபையின் மிஷனரியாக அதோனிராம் ஜட்சன் 1812 பிப்ரவரியில் மனைவி ஆனுடன் அமெரிக்காவிலிருந்து கப்பலேறினார். கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில், விசுவாசித்தவருக்கே முழுக்கு கொடுக்கும் பாப்டிஸ்டுகளான வில்லியம் கேரியையும் அவருடைய தோழர்களையும் சந்திக்க வேண்டியிருக்கும், தன் சபையின் போதனைக்காக அவர்களிடம் வாதாட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பயணத்தின்போதே அதை ஆராய்ந்தார். புதிய ஏற்பாட்டை மூல மொழியிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்த அவருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது: புறமதத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவர் விசுவாசத்துக்கு வந்தால், ஆபிரகாம் தன் வீட்டார் அனைவருக்கும் விருத்தசேதனம் செய்வித்ததுபோல் அவருடைய பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதா? ஆராய ஆராய, தான் எதிர்க்க நினைத்த பக்கமே சரியென்று அவருக்குத் தோன்றத் தொடங்கியது. மனைவியோ இதை விட்டுவிடும்படி கெஞ்சினார். நீங்கள் பாப்டிஸ்ட் ஆனாலும் நான் ஆகமாட்டேன் என்று அடிக்கடி சொன்னதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஜூன் மாதம் கல்கத்தா வந்து சேர்ந்த பிறகும் இருவரும் அவசரப்படவில்லை. இரு தரப்பு நூல்களையும் வேதத்தோடு ஒப்பிட்டு ஆன் தனியாகவே படித்தார். 1812 செப்டம்பர் 6 அன்று கல்கத்தா லால் பஜார் ஆலயத்தில் வில்லியம் வார்ட் இருவருக்கும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

அந்த முடிவுக்கு அவர்கள் கொடுத்த விலையைக் கவனிக்க வேண்டும். அனுப்பிய மிஷன் சங்கத்தை ஜட்சன் விட்டு விலகினார். அந்நிய நாட்டில் மாதச் செலவுக்கு வழியில்லாத நிலை. தகப்பனாரோ அதே காங்கிரகேஷனல் சபையின் போதகர். வேலையோ, திருமணமோ, பதவியோ எதுவும் அவர்களை அந்தப் பக்கம் இழுக்கவில்லை. எல்லாமே எதிர்ப்பக்கம்தான் இழுத்தன. கணவர் தெளிந்துவிட்டார் என்பதற்காக மனைவி பின்னால் போகவுமில்லை. அவர்களுடைய முடிவோடு நான் உடன்படுகிறேனா என்பது இங்கே கேள்வியல்ல. முடிவெடுத்த முறைக்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

நம் பகுதிக்கு வருவோம். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபைகள் மூன்றும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வந்தவை. 1970இல் நாகபுரியில் பிறந்த வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்ததால், குழந்தை ஞானஸ்நானம், விசுவாசி ஞானஸ்நானம் இரண்டையும் மாற்று வழிகளாக அது ஏற்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் பாப்டிஸ்ட், பிரதரன், அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபைகளும், 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனும் விசுவாசித்தவருக்கு முழுக்கு என்பதில் உறுதியாக நிற்கின்றன. இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் சபைகளோ, திரித்துவ நாமத்தில் வயது வந்தபின் முழுக்கு எடுத்தவரையும் மீண்டும் எடுக்கச் சொல்கின்றன. அங்கே விவாதம் தண்ணீரைப் பற்றியதல்ல. தேவனைப் பற்றிய போதனையே மாறுகிறது. அதை முழுக்க அறிந்த பிறகே ஒருவர் தலையசைக்க வேண்டும். நாகர்கோவில் பக்கம் வலுவாக உள்ள இரட்சணிய சேனை 1883 முதல் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை என்பதால், அங்கிருந்து வேறு சபைக்கு வருகிறவர் பெறுவது எந்தக் கணக்கிலும் முதல் ஞானஸ்நானம்தான்.

பேச்சில் எப்போதும் குழம்பிப்போகும் இரண்டு கேள்விகளையும் பிரித்தாக வேண்டும். எப்படிக் கொடுப்பது என்பது ஒன்று. யாருக்குக் கொடுப்பது என்பது வேறு. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையில் கைக்குழந்தையை மூன்று முறை தண்ணீருக்குள் முழுக்குகிறார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து பெந்தெகொஸ்தே சபைக்கு வந்தால், முழுக்கு நடந்திருந்தும் அது ஏற்கப்படாது. இந்துக் குடும்பத்தில் பிறந்து முப்பது வயதில் மனந்திரும்பி, சாட்சி சொல்லி, சி.எஸ்.ஐ. ஆலயத்தில் தலையில் தண்ணீர் வார்க்கப்பட்டவரிடம் விசுவாசம் இருந்தது, முழுக்குதான் இல்லை. தண்ணீரின் அளவுக்காக மட்டும் இவரைத் திரும்ப எடுக்கச் சொல்வது மிகவும் பலவீனமான வாதம் என்றே கருதுகிறேன். ஓடும் தண்ணீரோ போதிய தண்ணீரோ இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்று, மிகப் பழைய சபை ஒழுங்கு நூல்களுள் ஒன்றான திதாக்கே அனுமதிக்கிறது. அதே காரணத்தால், விசுவாசித்து முழுக்கு எடுத்த ஒருவரை, நம் சபையில் எடுக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுபடி இறக்குவது சபைப் பதிவேட்டுக்கான வேலையே ஒழிய வேறில்லை.

ஆகவே உண்மையான இக்கட்டு, குழந்தையாகப் பெற்றவருக்கு மட்டுமே. ஞானஸ்நானத்தில் முதலில் செயல்படுகிறவர் தேவன், பெற்றோரின் விசுவாசத்துக்குள்ளும் சபையின் விசுவாசத்துக்குள்ளும் அவர் என்னை அழைத்துக்கொண்டார், திடப்படுத்தலில் அதை நான் என் வாயால் உறுதி செய்தேன் என்று ஒருவர் நம்பினால், புதிய சபையின் ஆராதனையும் ஜெபமும் எவ்வளவு பிடித்திருந்தாலும் அவர் மீண்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் தன் விசுவாசத்துக்கே எதிராகச் சாட்சி சொன்னவர் ஆவார். புதிதாகக் கிடைத்த உயிர்ப்பை வெளிப்படுத்த வேறு வழிகள் இருக்கின்றன. கத்தோலிக்கர் ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா இரவில் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். மெதடிஸ்டுகளுக்கு உடன்படிக்கை ஆராதனை உண்டு. இங்கிலாந்து திருச்சபையில் ஞானஸ்நான விசுவாசத்தைத் தண்ணீரோடு அறிக்கையிடும் தனி ஒழுங்கே உண்டு. மாறாக, தானே மனந்திரும்பி விசுவாசித்த பிறகு பெறுவதுதான் ஞானஸ்நானம் என்று வேதத்தைப் படித்து ஒருவர் தெளிந்தால், அவர் இதுவரை ஞானஸ்நானம் பெறவில்லை என்பதே அவர் மனச்சாட்சியின் தீர்ப்பு. பெற்றோர் மனம் நோகுமே என்று அதைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல. அப்போதும், தன்னை ஆலயத்துக்கு எடுத்துச் சென்று ஜெபித்த பெற்றோரைப் பற்றி "சடங்குக் கிறிஸ்தவர்கள்" என்று சாட்சி மேடையில் பேச வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

முன்பு நடந்ததா என்றே தெரியாதவர்களுக்குத் தனி வழி உண்டு. பிறந்த ஊர் ஆலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். எழுதிக் கேட்டால் சான்றிதழ் கிடைக்கலாம். பதிவு அழிந்து, சாட்சிகளும் இல்லாத நிலையில், "நீ முன்னே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்ற சொற்களோடு நிபந்தனையாகக் கொடுக்கும் வழக்கத்தைக் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் வைத்திருக்கிறார்கள்.

எடுப்பதானால் விளைவுகளையும் அறிந்தே எடுக்க வேண்டும். பழைய சபையில் இது சாதாரண விஷயமாகப் பார்க்கப்படாது. சபைச் சங்கப் பொறுப்பு, ஓட்டுரிமை, திருவிருந்து, சில இடங்களில் கல்லறைத் தோட்டத்தில் இடம் ஆகியவற்றில்கூடக் கேள்வி எழலாம். முன்கூட்டியே பழைய குருவானவரிடம் நேரில் போய்ச் சொல்லுவது, அவர் வருத்தப்பட்டாலும், பிறர் வாய்வழியாக அவருக்குத் தெரியவருவதைவிட நல்லது. எடுக்காமல் இருப்பதற்கும் விலை உண்டு: புதிய சபை பல இடங்களில் அங்கத்துவம் தராது, இராப்போஜனத்திலும் சேர்த்துக்கொள்ளாது. தண்ணீர் ஞானஸ்நானத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு ஐக்கியத்துக்குத் தடையாகக் கூடாது என்று 1673இலேயே எழுதியவர் இங்கிலாந்துப் போதகர் ஜான் பனியன். இங்கிலாந்தின் பல பாப்டிஸ்ட் சபைகள் இன்று குழந்தை ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிகளையும் அங்கத்தினராக ஏற்கின்றன. நம் ஊர்ச் சுதந்திர சபைகளில் அந்தத் தாராளம் அரிது. எனவே சேரும்போதே பாஸ்டரிடம் இரண்டு கேள்விகளை நேரடியாகக் கேட்டுவிடலாம்: படித்துத் தெளிய எனக்கு எவ்வளவு காலம் தருவீர்கள்? தெளிந்த பிறகு, என் பழைய ஞானஸ்நானமே போதுமென்று என் மனச்சாட்சி சொன்னால், இராப்போஜனத்தில் எனக்கு இடம் உண்டா?